220, 5, 1: பழைய கணினியின் சவுண்ட் கார்டைப் பேசவைப்பது எப்படி

பழைய 486 கணினி ஒன்றைத் தேடிப்பிடித்து, 1993 வாக்கில் வந்த ஒரு சவுண்ட் கார்டை அதில் செருகி, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் ஓடும் விளையாட்டு ஒன்றை ஓடவிடுகிறீர்கள். படம் அழகாக வருகிறது. ஸ்பீக்கர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் ‘கார்டு போயிடுச்சு’ என்று முடிவுகட்டி அடுத்த கார்டைத் தேடப் போகிறவர்கள் நிறைய. அடுத்ததும் இதேபோல ஊமையாகத்தான் இருக்கும். ஏனென்றால் பெரும்பாலும் கார்டில் கோளாறே இருக்காது. கார்டு ஒரு எண்ணில் காத்திருக்கும், விளையாட்டு வேறொரு எண்ணில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இப்படி ஒத்துப்போக வேண்டிய எண்கள் மூன்று: முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ. இவை ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கார்டில் என்ன தகராறு என்பதைக் காதால் கேட்டே ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்க்ரூ கழற்றிக் கணினியைத் திறக்கத் தெரிந்தால் போதும், வேறு முன்னறிவு எதுவும் தேவையில்லை.

டிரைவர் இல்லாத காலம்

இன்றைய கணினியில் விண்டோஸோ லினக்ஸோ தானாகவே சவுண்ட் கார்டைக் கண்டுபிடித்து, அதை இயக்கும் டிரைவர் என்ற நிரலை ஏற்றிக்கொள்கிறது. பாட்டு போடும் செயலிக்கு உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்பதே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. டாஸில் அந்த வசதி கிடையாது. டாஸுக்கு வட்டு தெரியும், கீபோர்டு தெரியும், திரை தெரியும். சவுண்ட் கார்டு என்று ஒரு பொருள் உலகில் இருப்பதே தெரியாது. அதனால் ஒவ்வொரு விளையாட்டும் தன் ஒலி நிரலைத் தானே சுமந்துகொண்டு வந்து, கார்டிலுள்ள சிப்போடு நேரடியாகப் பேசியது. அக்கால விளையாட்டுகளோடு ‘செட்டப்’ என்று ஒரு தனி நிரல் வருவது இதற்காகத்தான். உங்களிடம் என்ன கார்டு, எந்த எண்களில் என்று அது கேட்கும். நீங்கள் சொல்வதை அப்படியே நம்பும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ஒரு சின்ன ஸ்பீக்கர்தான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரே சுரம், அதுவும் ‘பீப்’ என்று. 1987-இல் கனடாவின் கியூபெக் நகரிலிருந்து ஆட்லிப் கார்டு வந்தது. லவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. யமஹாவின் ஒய்எம்3812 சிப்பை வைத்து ஒன்பது குரல்களில் எஃப்எம் முறையில் (ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையை வளைத்துச் சுரம் உண்டாக்குவது; ரேடியோ அல்ல) இசையை உருவாக்கியது. இசை வந்தது, ஆனால் பதிவுசெய்த பேச்சையோ துப்பாக்கிச் சத்தத்தையோ வாசிக்க அதில் தனி ஏற்பாடு இல்லை.

அந்தக் குறையை நிரப்பியது சிங்கப்பூர். 1981-இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் கடையாக சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதே யமஹா சிப், கூடவே பதிவுசெய்த ஒலியை வாசிக்கும் பகுதி, கூடவே ஜாய்ஸ்டிக் போர்ட். ஆட்லிப்புக்கு எழுதிய விளையாட்டுகள் இதிலும் அப்படியே ஓடின. ஒரே ஸ்லாட்டில் மூன்று வேலை முடிந்துவிடுகிறது என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? ஆட்லிப் 1992-இல் திவாலானது. மற்ற நிறுவனங்களெல்லாம் ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தது’ என்று பெட்டியில் அச்சடித்தே விற்க வேண்டிய நிலை வந்தது. கிரியேட்டிவ் தன் கார்டுக்கு வைத்த எண்களே எல்லோருக்கும் இலக்கணமாகிவிட்டன.

ஒரே கார்டில் மூன்று பகுதிகள்

சவுண்ட் கார்டு என்று ஒருமையில் சொன்னாலும், உள்ளே தனித்தனியாக இயங்கும் பகுதிகள் இருக்கின்றன. முதலாவது எஃப்எம் சிப், இசைக்கு. இரண்டாவது டிஜிட்டல் பகுதி, பேச்சு, வெடிச்சத்தம், காலடியோசை போன்றவற்றுக்கு. மூன்றாவது மிடி போர்ட், ரோலண்ட் எம்டி-32 போன்ற வெளி இசைக்கருவிகளை இணைக்க. இவை ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதில்லை. எஃப்எம் சிப் ஜோராகப் பாடிக்கொண்டிருக்கும்போது டிஜிட்டல் பகுதி மௌனமாக இருக்கலாம். ‘இசை வருகிறது, சத்தம் வரவில்லை’ என்று யாராவது சொன்னால், பாதிப் பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அது ஏன் என்பதைப் பார்ப்போம்.

முகவரி: 220

பிராசஸர் வெளிச் சாதனங்களோடு பேசுவதற்கு ஐ/ஓ போர்ட் என்ற எண்வரிசை ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு சாதனமும் சில எண்களைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். ஜாய்ஸ்டிக்குக்கு 200-லிருந்து, முதல் பிரிண்டர் போர்ட்டுக்கு 378, முதல் சீரியல் போர்ட்டுக்கு 3எஃப்8, இப்படி. எண்களெல்லாம் ஹெக்ஸாடெசிமலில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்டு, எழுதப்படும்; அதனால் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இடையில் வரும். 220 என்பது நம் சாதாரணக் கணக்கில் 544. மாற்றிப் பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு வராது. எல்லா இடத்திலும் 220 என்றே எழுதியிருக்கும்.

சவுண்ட் பிளாஸ்டருக்கு வழக்கமான முகவரி இந்த 220. விளையாட்டு எப்படிக் கார்டைக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 226 என்ற போர்ட்டில் 1 என்று எழுதி, கொஞ்சம் பொறுத்து 0 என்று எழுதும். இது டிஜிட்டல் பகுதியை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் கட்டளை. பிறகு 22ஏ என்ற போர்ட்டைப் படிக்கும். அங்கே ஏஏ என்ற எண் வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது. உங்கள் கார்டின் ஜம்பர் (எண்ணைத் தேர்ந்தெடுக்கப் பின்களில் மாட்டும் சின்ன மூடி) 240-இல் இருந்தால் 22ஏ-வில் யாரும் இல்லை; பெரும்பாலும் எஃப்எஃப் என்ற வெற்று விடைதான் திரும்பும். ‘சவுண்ட் பிளாஸ்டர் கிடைக்கவில்லை’ என்று விளையாட்டு சொல்லிவிடும். கார்டுக்கு ஒன்றுமில்லை, கூப்பிட்ட இடம்தான் தவறு.

எஃப்எம் சிப்புக்கு இந்த 220 போக இன்னொரு முகவரியும் உண்டு: ஆட்லிப் காலத்திலிருந்து வரும் 388. அது மாறுவதில்லை. கார்டை 220-இல் வைத்தாலும் 240-இல் வைத்தாலும் இசைச் சிப் 388-இல் பதில் சொல்லும். மிடி போர்ட்டுக்கு வழக்கமாக 330. (அடாப்டெக் நிறுவனத்தின் பிரபலமான 1542 ஸ்கஸி கார்டும் அதே 330-இல்தான் ஆலையிலிருந்து வரும். ஸ்கஸி வட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை நகர்த்த வேண்டியிருக்கும்.)

ஐஆர்க்யூ: 5

பிராசஸர் எப்போதும் தன் வேலையில் மூழ்கியிருக்கும். கார்டுக்கு ஏதாவது தேவை வந்தால் அதை எப்படித் தெரிவிப்பது? பஸ் ஓட்டுநர் ஒவ்வொரு நிமிடமும் திரும்பிப் பார்த்து ‘யாராவது இறங்கணுமா’ என்று கேட்பதில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருக்கிறார். கண்டக்டர் விசில் அடித்தால் நிறுத்துகிறார். ஐஆர்க்யூ அந்த விசில். கணினியில் இப்படி ஒன்றல்ல, எண்ணிட்ட பல கம்பிகள் இருக்கின்றன. எந்தக் கம்பியில் ஓசை வந்தது என்பதை வைத்துத்தான் யார் கூப்பிடுகிறார்கள் என்று பிராசஸருக்குத் தெரியும்.

முதல் ஐபிஎம் பிசியில் 0 முதல் 7 வரை எட்டுக் கம்பிகள். 1984-இல் வந்த ஏடி கணினியில் 15 வரை நீண்டது. ஆனால் காலியிடம் குறைவு. 0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு, 3-ம் 4-ம் சீரியல் போர்ட்டுகளுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு, 14 ஹார்ட் டிஸ்குக்கு. 5 என்பது பழைய எக்ஸ்டி கணினிகளில் ஹார்ட் டிஸ்குக்குப் போனது. ஏடி காலத்தில் இரண்டாவது பிரிண்டருக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டில் இரண்டு பிரிண்டர் யார் வைத்திருந்தார்கள்? அதனால் 5 சும்மா கிடந்தது, சவுண்ட் கார்டுகள் அதில் குடியேறின. ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர்கள் 7-இல் வந்தன. டாஸில் பிரிண்டர் பெரும்பாலும் ஐஆர்க்யூவைப் பயன்படுத்தாமலேயே அச்சடிக்கும் என்பதால் அதுவும் ஓடியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 5-ஐ வைத்துக்கொள்வது நல்லது.

ஐஎஸ்ஏ எனப்படும் அக்கால ஸ்லாட்டுகளில் ஒரு கம்பியை இரண்டு கார்டுகள் பகிர்ந்துகொள்ள முடியாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் 5-இல் இருந்தால் ஒன்றோ இரண்டுமோ வேலை செய்யாது. பின்னால் வந்த பிசிஐ ஸ்லாட்டுகளில் பகிரலாம், இதில் முடியாது. பழைய நெட்வொர்க் கார்டு ஒன்று உள்ளே இருந்தால் அது எந்த எண்ணில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

டிஎம்ஏ: 1

பதிவுசெய்த ஒலி என்பது எண்களின் வரிசை. அக்கால விளையாட்டுகளில் வினாடிக்கு 11,025 எண்கள் சாதாரணம். குறுந்தகட்டின் தரத்தில் ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 1,76,400 பைட். இத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கார்டில் கொண்டுபோய்ப் போடும் வேலையைப் பிராசஸரே செய்தால் விளையாட்டை யார் நடத்துவது? அதனால் மதர்போர்டில் டிஎம்ஏ என்ற தனிச் சிப் இருக்கிறது. ‘நினைவகத்தில் இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் எடுத்துக் கார்டுக்குக் கொடு’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் அதுவே அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதிலும் எண்ணிட்ட தடங்கள் உண்டு. 0 முதல் 3 வரை எட்டு பிட் தடங்கள், 5 முதல் 7 வரை பதினாறு பிட் தடங்கள். முதல் பிசியில் 0 நினைவகத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு, 2 ஃபிளாப்பிக்கு, எக்ஸ்டியில் 3 ஹார்ட் டிஸ்குக்கு. மிச்சம் இருந்தது 1. சவுண்ட் கார்டு அதை எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 மட்டும் பதினாறு பிட் ஒலிக்காகக் கூடுதலாக 5 என்ற தடத்தையும் கேட்கும். டிஎம்ஏ 5-ஐயும் ஐஆர்க்யூ 5-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது

மூன்றும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு கதவு திறக்கும் சத்தத்தை விளையாட்டு வாசிக்க வேண்டும். அந்தச் சத்தத்தின் முதல் துண்டை, 1,024 பைட் என்று வைத்துக்கொள்வோம், நினைவகத்தில் தயாராக வைக்கிறது. டிஎம்ஏ சிப்பிடம் ‘தடம் 1-இல் இதை அனுப்பு’ என்கிறது. பிறகு 220-இல் உள்ள கார்டிடம் ‘வாசிக்கத் தொடங்கு’ என்கிறது. கார்டு தடம் 1-இல் பைட்டுகளை இழுத்து இழுத்து ஒலியாக்குகிறது. வினாடிக்கு 11,025 என்ற வேகத்தில் அந்தத் துண்டு தீர்ந்துபோக ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. தீர்ந்ததும் கார்டு ஐஆர்க்யூ 5-இல் ஓசை கொடுக்கிறது. விளையாட்டு அதைக் கேட்டு அடுத்த துண்டை நிரப்புகிறது. சத்தம் முடியும்வரை இதே சுற்று.

இப்போது ஒவ்வோர் எண்ணும் தவறினால் என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முகவரி தவறினால் விளையாட்டு கார்டையே பார்க்காது. செட்டப் நிரலே ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஆனால் அதே செட்டப்பில் இசைக்கு ‘ஆட்லிப்’ என்று தேர்ந்தெடுத்தால் பாட்டு வரும், ஏனென்றால் 388 மாறுவதில்லை. இது ஓர் அருமையான சோதனை. ஆட்லிப்பில் பாட்டு வந்துவிட்டால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, மின்சாரம் வருகிறது, ஸ்பீக்கர் வயர் சரியான துளையில் இருக்கிறது என்று மூன்று சந்தேகம் ஒரேயடியாகத் தீர்ந்தது.

ஐஆர்க்யூ தவறினால்தான் வேடிக்கை. கார்டு முதல் துண்டை ஒழுங்காக வாசித்துவிடும். பிறகு 5-இல் கூப்பிடும். விளையாட்டோ 7-இல் காதை வைத்துக்கொண்டிருக்கும். அடுத்த துண்டு வரவே வராது. அதனால் சத்தம் ‘டக்’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும். அல்லது, சில விளையாட்டுகள் கார்டைத் தொடர்ந்து சுற்றிவரும்படி அமைத்திருக்கும் என்பதால், பழைய துண்டே ‘டட்-டட்-டட்-டட்’ என்று முடிவில்லாமல் ஓடும். இந்த ‘டட்-டட்’ கேட்டால் வேறெதையும் தொடாதீர்கள். நேராக ஐஆர்க்யூவை மாற்றுங்கள்.

டிஎம்ஏ தவறினால் டிஜிட்டல் ஒலி தொடங்கவே தொடங்காது. கார்டு ஒரு தடத்தில் கேட்கிறது, சிப் வேறு தடத்தில் அனுப்பக் காத்திருக்கிறது, ஒரு பைட்கூட நகர்வதில்லை. துண்டு தீராததால் ஐஆர்க்யூவும் வராது. அதற்காகக் காத்திருக்கும் விளையாட்டுகள் உறைந்துபோவதும் உண்டு. எஃப்எம் இசைக்கு ஐஆர்க்யூவும் வேண்டாம், டிஎம்ஏவும் வேண்டாம். முகவரி ஒன்று போதும். அதனால்தான் ‘பாட்டு வருது, சத்தம் வரலை’ என்ற புகார் கிட்டத்தட்ட எப்போதும் இந்த இரண்டில் ஒன்றைச் சுட்டுகிறது.

பிளாஸ்டர் வரி என்ற குழப்பம்

கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ‘செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 டி4’ என்பது போன்ற ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளில். இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன். ஏ என்பது முகவரி, ஐ என்பது ஐஆர்க்யூ, முதல் டி டிஎம்ஏ, கடைசி டி கார்டின் வகை. வகைக்கு 1 என்றால் முதல் சவுண்ட் பிளாஸ்டர், 3 என்றால் 2.0, 4 என்றால் புரோ 2, 6 என்றால் 16-ம் அதற்குப் பின் வந்தவையும். பதினாறு பிட் டிஎம்ஏவுக்கு எச்5 என்றும், மிடிக்கு பி330 என்றும் கூடச் சேர்ப்பார்கள். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக்கூடாது.

தொடக்கக்காரர்கள் தடுக்கி விழும் இடம் இது. இந்த வரி கார்டில் எதையும் மாற்றுவதில்லை. விளையாட்டுகள் படித்துக்கொள்வதற்காக ஒட்டிவைத்த ஒரு சீட்டுதான் அது. ஜம்பர் 7-இல் இருக்கும்போது சீட்டில் 5 என்று எழுதினால், கார்டு 7-லேயே இருக்கும், விளையாட்டுகள்தான் ஏமாறும். கார்டில் ஒரு எண், சீட்டில் ஒரு எண், செட்டப்பில் ஒரு எண் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். கார்டிலிருந்து தொடங்குங்கள், அதுதான் உண்மை. சீட்டும் செட்டப்பும் அதற்கேற்ப மாற வேண்டும்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டுகள் சிலவற்றில் முகவரிக்கு மட்டும்தான் ஜம்பர். ஐஆர்க்யூவையும் டிஎம்ஏவையும் மென்பொருள்தான் தீர்மானிக்கும். கிரியேட்டிவின் ‘டயக்னோஸ்’ நிரல் கணினி தொடங்கும்போது அந்தச் சீட்டைப் படித்துக் கார்டில் எழுதிவிடும். அப்போது மட்டும் சீட்டுக்கு அதிகாரம் வந்துவிடுகிறது.

ஜம்பரும் பிளக் அண்ட் பிளேயும்

ஜம்பர் கார்டு என்றால் வேலை எளிது. போர்டிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். இல்லாவிட்டால் கிரியேட்டிவ் கார்டின் மாடல் எண்ணை, சிடி1600, சிடி1740 என்பது போல இருக்கும், வைத்து ஜம்பர் படத்தைத் தேடலாம். கார்டைச் செருகுவதற்கு முன்பே எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செருகி மூடிய பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பது கழுத்துவலி.

1993-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஐஎஸ்ஏ பிளக் அண்ட் பிளே என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அந்த ஏற்பாட்டின்படி வந்த கார்டுகளில் இந்த எண்களுக்கு ஜம்பர் இல்லை. கணினி தொடங்கும்போது யாராவது எழுப்பி எண்களைக் கொடுக்கும்வரை கார்டு தூங்கிக்கொண்டிருக்கும். பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) எழுப்பலாம், விண்டோஸ் 95 எழுப்பும், வெறும் டாஸ் எழுப்பாது. பயாஸில் ‘பிளக் அண்ட் பிளே ஓஎஸ்’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றிருந்தால், விண்டோஸ் பார்த்துக்கொள்ளும் என்று பயாஸும் விட்டுவிடக்கூடும். டாஸ் கணினியில் அதை ‘இல்லை’ என்று மாற்றுங்கள். பிறகு கார்டை எழுப்ப ஒரு நிரல் தேவை. கிரியேட்டிவ் கார்டுகளுக்கு சிடிசிஎம் இருந்தது. இன்று ஆர்வலர்கள் அதிகம் பயன்படுத்துவது யுனிசவுண்ட் என்ற சிறு நிரல். பிளாஸ்டர் வரியைப் படித்து, கிரியேட்டிவ் மட்டுமன்றி யமஹா, ஈஎஸ்எஸ் போன்ற பல சிப்புகளையும் அந்த எண்களில் அமர்த்திவிட்டுப் போய்விடும், நினைவகத்தில் தங்குவதில்லை. 640 கிலோபைட் நினைவகத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் டாஸ் உலகில் அது பெரிய விஷயம்.

பென்டியம் மதர்போர்டில் ஜம்பர் கார்டு போட்டால் இன்னொரு சிக்கல். கார்டு 5-இல் உட்கார்ந்திருப்பது பயாஸுக்குத் தெரியாது. அதே 5-ஐத் தூக்கி ஏதாவது பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். பயாஸின் பிளக் அண்ட் பிளே பக்கத்தில் ஐஆர்க்யூ 5-ஐயும் டிஎம்ஏ 1-ஐயும் ‘லெகசி ஐஎஸ்ஏ’ என்று குறித்துவிட்டால் அவற்றைத் தொடாது. பிரிண்டர் போர்ட் ஈசிபி என்ற நிலையில் இருந்தால் அதுவும் ஒரு டிஎம்ஏ தடத்தைப் பிடித்துக்கொள்ளும், பெரும்பாலும் 3, சில போர்டுகளில் 1. பிரிண்டர் இல்லையென்றால் அந்தப் போர்ட்டையே அணைத்துவிடலாம்.

எண்களைத் தவிர

எல்லா எண்ணும் சரி, இன்னும் சத்தம் இல்லை என்றால், வெட்கப்படாமல் எளிய விஷயங்களைப் பாருங்கள். பழைய சவுண்ட் பிளாஸ்டர்களில் பின்பக்க உலோகத் தகட்டில் ஒலியளவுச் சக்கரம் ஒன்று இருக்கும்; அது பூஜ்யத்தில் இருக்கலாம். சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் மென்பொருளிலும் ஒலியளவு உண்டு, ‘எஸ்பி16செட்’ நிரலில் பார்க்கலாம். கார்டின் தங்கக் கால்களில் முப்பது வருடத்து அழுக்கு படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். மின்சாரம் இருக்கும்போது கார்டைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. சில பழைய கார்டுகள் −5 வோல்ட்டை எதிர்பார்க்கும். புதிய ஏடிஎக்ஸ் பவர் சப்ளைகளில் அது இல்லை.

விளையாட்டின் சத்தமெல்லாம் வருகிறது, பின்னணி இசை மட்டும் இல்லை என்றால், அது சிடியிலிருந்தே வாசிக்கும் விளையாட்டாக இருக்கலாம். சிடி டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்கு நான்கு பின் கொண்ட மெல்லிய ஆடியோ வயர் ஒன்று போக வேண்டும். கார்டிலேயே இருக்கும் 40 பின் இணைப்பைப் பார்த்து ஹார்ட் டிஸ்கை அதில் மாட்டிவிடாதீர்கள். பார்வைக்கு ஐடிஇ மாதிரியே இருந்தாலும், பல கார்டுகளில் அது பானாசோனிக் அல்லது மிட்சுமி சிடி டிரைவுக்கென்றே வைத்த தனி இணைப்பு.

கணினி அதிவேகமாக இருப்பதும் ஒரு பிரச்சினைதான். யமஹா சிப் மெதுவானது. ஒரு கட்டளையை எழுதிய பிறகு 23 மைக்ரோவினாடி வரை அதற்கு மூச்சுவிட நேரம் தர வேண்டும். சில பழைய விளையாட்டுகள் அந்த நேரத்தைப் பிராசஸரின் வேகத்தை நம்பி அளந்தன. 286-இல் எழுதியதைப் பென்டியத்தில் ஓட்டினால் ‘ஆட்லிப் இல்லை’ என்று சொல்லிவிடும், அல்லது சுரம் சிதறும். டர்போ பொத்தானை அணைத்தோ, பயாஸில் பிராசஸரின் ‘கேஷ்’ என்ற வேக நினைவகத்தை நிறுத்தியோ மெதுவாக்கிப் பாருங்கள்.

எந்தக் கார்டை வாங்கலாம்?

ஐஎஸ்ஏ கார்டு வாங்குங்கள். பிசிஐ சவுண்ட் கார்டு மலிவாகக் கிடைக்கும், விண்டோஸில் நன்றாகவும் இருக்கும். ஆனால் பிசிஐ ஸ்லாட்டில் பழைய டிஎம்ஏ தடங்கள் கிடையாது என்பதால், டாஸில் சவுண்ட் பிளாஸ்டராக நடிக்க அது பல தந்திரங்கள் செய்ய வேண்டும்; சில விளையாட்டுகளில் அந்த நடிப்பு எடுபடாது.

முதல் கார்டாக சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐத் துரத்த வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். பெயர் பெரிது, ஆனால் சவுண்ட் பிளாஸ்டர் புரோவுக்கு எழுதிய ஸ்டீரியோ சத்தங்களை அது மோனோவில்தான் வாசிக்கும். அதன் சில பதிப்புகளில் மிடி போர்ட் வழியாக இசைக்கும்போது சுரம் முடியாமல் இழுத்துக்கொண்டே நிற்கும் கோளாறும் உண்டு. பிற்காலக் கிரியேட்டிவ் கார்டுகள் சிலவற்றில் உண்மையான யமஹா சிப்புக்குப் பதில் அதைப் போலச் செய்யும் வேறொன்று இருக்கும். காது பழகியவர்கள் உடனே முகம் சுளிப்பார்கள். யமஹாவின் சொந்த ஒய்எம்எஃப்719 சிப் உள்ள கார்டோ, ஈஎஸ்எஸ் 1868 சிப் உள்ள கார்டோ பெயரில்லாத பச்சை போர்டாக இருக்கும். ஆனால் இரண்டும் புரோவுக்கு ஒத்துப்போகும், அமைப்பது சுலபம். கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் போன்றவை அழகான கார்டுகள். ஆனால் சவுண்ட் பிளாஸ்டரோடு நேரடியாக ஒத்துப்போகாதவை. இரண்டாவது கார்டாக வைத்துக்கொள்ளலாம்.

கார்டோ பழைய கணினியோ கையில் இல்லாமலும் இதைப் பழகிப் பார்க்கலாம். டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரல் உங்கள் மடிக்கணினிக்குள் ஒரு டாஸ் கணினியையும் அதில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐயும் உருவாக்கித் தரும். அதன் வழக்கமான எண்கள் 220, 7, 1. டூம் போன்ற ஒரு விளையாட்டின் செட்டப்பைத் திறந்து, ஐஆர்க்யூவுக்கு வேண்டுமென்றே 5 என்று கொடுத்துச் சேமித்து, சத்தம் என்ன ஆகிறது என்று கேளுங்கள். பிறகு 7-க்கு மாற்றிவிட்டு டிஎம்ஏவை 3 ஆக்குங்கள். அடுத்து முகவரியை 240 ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் இசைக்கு ‘ஆட்லிப்’ என்றே வைத்திருங்கள், எது நிற்கிறது, எது நிற்காமல் ஓடுகிறது என்று பிரித்துக் கேட்க வசதியாக இருக்கும்.